பஞ்சு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறான்

பெருமதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். அங்கே உங்கள் புது முழங்காலும் நீங்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போகத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பஞ்சு உயிரோடு இருக்கிறான்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கடிதத்தின் முதல் வரியாகவே எழுதச் சொன்னாள் என் மனைவி. வணக்கமும் நலமும் சொல்லாமல் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது முறையல்ல என்றேன் நான். “நீங்க நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க அழுது முடிச்சுடுவாங்க” என்றாள். அதனால் நலத்தைச் சுருக்கி, உயிரை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுத்துக் கொடுத்தாலும் காதில் வைப்பதில்லை என்று உங்கள் மூத்த மகள் சொன்னார். படம் அனுப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களாம். “அந்த ஆளு கைப்பட எழுதித் தரட்டும், அப்புறம் நம்புறேன்” என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஆள் இதோ கைப்பட எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் மூத்த மகள் ஊரில் ஓய்வெடுப்பது என்று முடிவானபோது, பஞ்சுவை எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. அங்கே உங்கள் பேரனுக்கு இறகுத்தூள் பட்டால் மூச்சு இழுக்கும். இங்கே உங்கள் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீடு பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும். வெள்ளைக் காக்கட்டூ கிளியைத் தனியாக அடைத்துவைத்தால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் என்றீர்கள். ஆகவே குடும்பத்திலேயே வேலைவெட்டி இல்லாத ஒரே ஆள் என்ற தகுதியின் அடிப்படையில் பஞ்சு என்னிடம் ஒப்படைக்கப்பட்டான். கூண்டை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அதுன்னு சொல்லாதீங்க சம்பந்தி, அவன்னு சொல்லுங்க. வாராவாரம் ஒரு போட்டோ அனுப்புங்க. முகம் தெளிவாத் தெரியணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.” நானும் பெரிய மனிதத் தோரணையில், “போட்டோவுக்கு வெளிச்சம்தானேம்மா முக்கியம், அது என் தொழிலாச்சே” என்று சொல்லிவிட்டேன். நகரசபையில் தெருவிளக்குப் பிரிவில் காலமெல்லாம் உழைத்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் அல்லவா? ஊரில் எந்தச் சந்தில் எந்த விளக்கு மினுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு பறவை முகத்துக்கு வெளிச்சம் போட முடியாதா என்று நினைத்தேன். வாய்தான் எனக்கு எதிரி.

முதல் வாரம் பஞ்சுவைக் கூடத்து விளக்குக்கு நேர் கீழே நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினேன். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. உடனே உங்கள் போன். “என்ன சம்பந்தி, பையனுக்கு மஞ்சள் காமாலையா? கொண்டை மட்டும்தானே மஞ்சளா இருக்கும், இப்ப உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கான்!” நான் படத்தை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை. தலைமுதல் வால்வரை மஞ்சள் பூசிக் குளித்தவன் மாதிரி இருந்தான். ஆனால் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தால் வெள்ளையாக இருந்தான். படத்தில் மஞ்சள், நேரில் வெள்ளை. எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. கூண்டோடு ஆட்டோவில் ஏற்றிப் பறவை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சுவின் இறக்கையை விரித்தார், வாயைத் திறந்தார், பஞ்சு அவருடைய விரலைத் திறந்தான். எல்லாம் முடிந்தபின், “பறவை நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டு பல்பு என்ன கலர்?” என்று கேட்டார். மஞ்சள் பல்பு என்றேன். “அப்ப அதை மாத்துங்க. வெள்ளைப் பறவை தனக்குன்னு ஒரு கலர் வச்சுக்காது. பக்கத்துல என்ன இருக்கோ அதை வாங்கிக்கும்” என்றார். விரலில் பிளாஸ்டரோடு அவர் சொன்னதால் அதற்கு மேல் நான் சந்தேகம் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் விளக்கே வேண்டாம் என்று பகலில், ஜன்னல் ஓரமாக நிறுத்தி எடுத்தேன். அந்த ஜன்னல் ஓரச் சுவருக்குப் போன மாதம்தான் பச்சை வண்ணம் அடித்திருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சுவரின் பச்சை சுவரோடு இருக்கும் என்று நினைத்தேன், சம்பந்தியம்மா. அது வெயில் பட்டுத் தெறித்துப் பஞ்சுவின் நெஞ்சு முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டது?  “இது பச்சைக்கிளி மாதிரி இருக்கே” என்றீர்கள் போனில். உங்கள் குரல் மாறியிருந்தது. நான் சுவர், வண்ணம், தெறிப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். குற்றவாளிதான் இத்தனை நீளமாக விளக்குவான் என்று என் மனைவி பக்கத்திலிருந்து சைகை காட்டினாள். நிறுத்திவிட்டேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

மூன்றாவது வாரம் சுவரும் வேண்டாம், கூரையும் வேண்டாம், வானம் ஒன்றே போதும் என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். உச்சிவெயில். எனக்கு நல்ல திருப்தி. இதைவிட வெளிச்சம் யாராலும் தர முடியாது. படத்தைப் பார்த்தால் பறவையைக் காணோம். பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு, அதற்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள், கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு. கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணத்துக்குக் கண் வரைந்தது போல இருந்தது. ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை. ஆனாலும் நிறம் வெள்ளைதானே, இதிலாவது சம்பந்தியம்மாவுக்கு மனம் ஆறும் என்று அனுப்பிவிட்டேன். “இறகெல்லாம் எங்க? கொட்டிடுச்சா? எதையாவது மறைக்கிறீங்களா?” என்று நீங்கள் கேட்டபோது, மாடிப்படி ஏறி இறங்கிய களைப்பில், “மறைக்கலம்மா, வெயில்ல கரைஞ்சுபோச்சு” என்று சொல்லித் தொலைத்தேன். படத்தைத்தான் சொன்னேன்.

அடுத்து வீடியோ கால். அதை ஏற்பாடு செய்தவர் உங்கள் மகன். “நேர்ல பாத்தா அம்மா நம்பிடுவாங்க, மாமா” என்று மாப்பிள்ளை வந்து போனைப் பிடித்துக்கொண்டார். பச்சைச் சுவர் தெரியக்கூடாது என்பதற்காகப் பஞ்சுவை ஜன்னலுக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தினோம். பின்னாலிருந்து வெயில் வெள்ளமாகக் கொட்டியது. எங்கள் கண்ணுக்கு அவன் விளிம்பெல்லாம் ஒளி பூசி ஜொலித்தான். உங்கள் போனில் என்ன தெரிந்தது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். “யாரு இந்தக் காக்கா?” என்றீர்கள். மாப்பிள்ளை பதறிப்போய், “அம்மா, பஞ்சும்மா! பேசு பஞ்சு, அம்மாகிட்டப் பேசு!” என்றார். உங்கள் வீட்டில் வாய் ஓயாமல் உங்களைக் கூப்பிடுகிறவன், போனைக் கண்டதும் கல்லாகச் சமைந்துவிட்டான். எவ்வளவோ கெஞ்சியபின் வாயைத் திறந்து இருமினான். அது என்னுடைய இருமல். இறகுத்தூளால் எனக்கு வந்த இருமலை அவன் அச்சு அசலாகப் பிடித்துவைத்திருக்கிறான். கடைசியில் தொண்டையைக் கனைக்கும் சத்தம்கூட உண்டு. “என் பஞ்சு இருமமாட்டான்” என்றீர்கள் மெதுவாக. பிறகு, “உண்மையைச் சொல்லுங்க. அவன் எப்பப் போனான்?” என்றீர்கள். நாங்கள் பதில் சொல்வதற்குள் பஞ்சு இன்னொரு முறை இருமினான். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இதுவரைக்கும் நடந்தது என் அறியாமை. இனி நடந்ததற்கு எங்கள் தெருமுனை ஸ்டுடியோக்காரரும் கூட்டு. அவர் அடையாள அட்டைப் படம் எடுப்பதில் பெயர் வாங்கியவர். முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் அவரைவிட யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்கே அழைத்துவந்தேன். வெள்ளைக் குடை, ஃப்ளாஷ், முக்காலி எல்லாம் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, “முகத்தை நேரா வைங்க. ரெண்டு காதும் தெரியணும்” என்றார். “இவனுக்குக் காது எங்க இருக்குன்னு முதல்ல நீங்க காட்டுங்க” என்றாள் என் மனைவி. அவர் கொஞ்சம் யோசித்து, காதை விட்டுக்கொடுத்தார். ஃப்ளாஷ் ஒருமுறைதான் அடித்தது. பஞ்சு போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் பறந்து போய்த் திரைச்சீலைக் கம்பியில் ஏறிக்கொண்டு, கொண்டையை விரித்து, ஸ்டுடியோக்காரரின் பரம்பரையையே திட்டினான். அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். கிடைத்த ஒரே படத்தில், வெளிச்சம் சப்பையாக எல்லா இடத்திலும் விழுந்து, பஞ்சு இறுக்கமாகக் கண்களை மூடிக்கொண்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தான்.

இனிமேல்தான், சம்பந்தியம்மா, நீங்கள் பொறுமையாகப் படிக்கவேண்டிய இடம் வருகிறது. அந்தப் படத்தில் கண்ணைத் திறக்கவைக்க கம்ப்யூட்டரில் ஏதாவது வழி இருக்கிறதா என்று உங்கள் மகனிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். படத்தோடு, “பஞ்சு கண்ணை மூடிவிட்டான். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை” என்று இரண்டே வரி எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அனுப்பிய இடம்தான் தவறு. மாப்பிள்ளைக்கு என்று நினைத்து அழுத்தியது இரண்டு குடும்பத்தாரும் இருக்கிற குரூப்பில் போய் விழுந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுத்தினேன்.

அதன்பின் வந்த செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் உங்கள் தம்பி, “ஆழ்ந்த இரங்கல்” என்று போட்டார். பஞ்சு பயந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்து நன்றி தெரிவித்தேன். என் அக்கா, “பாவம், ரொம்ப கஷ்டப்பட்டானா?” என்று கேட்டாள். “ஒரே ஒரு அலறல்தான், அப்புறம் அடங்கிவிட்டான்” என்று பதில் எழுதினேன். உங்கள் நாத்தனார், “எப்ப எடுக்கிறீங்க?” என்று கேட்டார். அடுத்த படத்தைக் கேட்கிறார் என்று எண்ணி, “நாளைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்” என்று எழுதினேன். “நாங்க வரணுமா?” என்று கேட்டார். “வேண்டாம், கூட்டம் கூடினால் சரியாக வராது, நானும் மனைவியும் மட்டும் போதும்” என்றேன். அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மகள், அதாவது உங்கள் மருமகள், அடுத்த அறையிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து போனைப் பிடுங்கியபோதுதான், ‘கண்ணை மூடினான்’ என்றால் உலகத்தார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு உறைத்தது. “ஏம்ப்பா, நீங்க தமிழ்லதான் எழுதுறீங்களா?” என்றாள். அவள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து பஞ்சுவை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கிண்டல் செய்வார். அன்று கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு அவருடைய விரலைக் கடிக்காமல் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அம்மா நடக்கமாட்டேங்கிறாங்க, மாமா” என்றார். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணை நீங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறீர்களாம். இப்போது நடக்காவிட்டால் முழங்கால் மடங்காமல் இறுகிப்போகும் என்று மருத்துவர் சொன்னாராம். நீங்கள் உங்கள் மகளிடம், “வீட்டுக்குப் போனா வாசல்லயே கூப்பிட யாரு இருக்கா? நான் யாருக்காக நடக்கணும்?” என்று கேட்டீர்களாம். மாப்பிள்ளை அதைச் சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுவரை கொஞ்சம் வேடிக்கையாகவும், கொஞ்சம் உங்கள்மேல் வருத்தமாகவும் இருந்தது. அந்த நிமிஷம் இரண்டும் போய்விட்டன. நான் ஒழுங்காக ஒரு படம் எடுத்திருந்தால் நீங்கள் இந்நேரம் வராந்தாவில் நடந்துகொண்டிருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

அன்று முதல் எனக்கு அதே நினைப்பு. போகிற வருகிற இடத்தில் எல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். சுண்ணாம்புச் சுவர், பால் பாத்திரம், தலையணை உறை, என் தலை. எது எப்போது எப்படித் தெரிகிறது என்று நின்று நின்று பார்த்தேன். ஒருநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பியவனை என் மனைவி கொல்லைப்புறக் கதவருகே பிடித்து நிறுத்தினாள். “காலரைப் பாருங்க, எவ்வளவு அழுக்கு! இதையா போட்டுட்டுப் போறீங்க?” கூடத்து விளக்கில் அந்தச் சட்டை தும்பைப்பூவாகத் தெரிந்தது. வெயிலிலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்தக் கதவருகே மட்டும், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிற இடத்தில், துணியின் நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய நிழல் இருந்தது. “அப்படியே நில்லு” என்றேன். “அழுக்குச் சட்டைய போட்டது நீங்க, நான் ஏன் நிக்கணும்?” என்றாள். நான் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, கதவைத் திறந்தும் மூடியும், சட்டையைத் திருப்பியும் பார்த்தேன். வெளியே போகவேண்டிய வேலை என்னவென்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு என் தவறு விளங்கியது. என் வேலைக்காலம் முழுவதும் எங்கள் அலுவலகத்துக்கு வந்த மனுக்கள் எல்லாம் ஒரே மனுதான்: இருட்டாக இருக்கிறது, வெளிச்சம் வேண்டும். நான் தந்த பதிலும் ஒன்றேதான்: இன்னொரு விளக்கு. வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் மனுக் கொடுத்ததில்லை. அப்படி ஆசைப்பட்டவர்கள் பூங்காப் பக்கம் ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்கள் மனுக் கொடுக்கிற வகை அல்ல. அதனால் பஞ்சுவின் முகம் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டக் கூட்ட அவன் மறைந்துகொண்டே போனான். வெள்ளைக்கு நிழல் இருந்தால்தான் முகம் என்று நான் கண்டுகொள்ள இத்தனை களேபரம் தேவைப்பட்டது.

ஆனால் தெரிந்துகொள்வது ஒன்று, பஞ்சுவைச் சம்மதிக்கவைப்பது இன்னொன்று. கொல்லைக் கதவருகே அவனுடைய குச்சியைக் கட்டினேன். பின்னால் வெள்ளையோ பச்சையோ இல்லாமல் அவன் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று எங்கள் கருநீலப் போர்வையைக் கொடியில் தொங்கவிட்டேன். போர்வையைக் கண்டதும் அவன் அலறினான். அவனுக்குப் பழகட்டும் என்று அதைச் சில நாள் அங்கேயே விட்டோம்; என் மனைவி குளிரில் நடுங்கினாள். ஒரு பக்கம் வெளிச்சம் வந்தால் மறுபக்கம் ஒரேயடியாக இருண்டுபோகிறது என்பது அடுத்த சிக்கல். அதற்கு விளக்கு போடக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் துணிக் கிளிப் போட்டு மாட்டினேன். கதவிலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுக் கொஞ்சமாகத் திரும்பி வந்து, இருண்ட கன்னத்தை லேசாகத் தடவிக் கொடுத்தது. எனக்குக் கண் கலங்கும் அளவுக்கு மகிழ்ச்சி. பஞ்சுவுக்கோ துணிக் கிளிப்பைக் கண்டதும் மகிழ்ச்சி. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டான். கடைசி கிளிப்பை அவன் கழற்றியபோது நான் கீழே குந்தி, போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். விரிப்பு மொத்தமும் என் தலையில் இறங்கியது. அதற்குள்ளிருந்து நான் வழி தேடிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, “வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். குரூப்பில் அவர் இல்லை. ஆனாலும் செய்தி போயிருக்கிறது.

இன்னொரு நாள் எல்லாம் சரியாக அமைந்து, மேகம் வந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போனது. அதற்கடுத்த நாள் வெயில் கதவைத் தாண்டி உள்ளேயே வந்து அவன் தலையில் ஏறி உட்கார்ந்தது. வெயில் நகர்ந்துபோகும் வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன். பஞ்சுவும் உட்கார்ந்திருந்தான். அவனும் நானும் அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது அன்றுதான். யோசிக்கும்போது அவன் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரியும். கன்னத்து இறகைக் கொஞ்சம் முன்னால் தள்ளி மூக்கைப் பாதி மூடிக்கொண்டால் நிம்மதியாக இருக்கிறான் என்று அர்த்தம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நீங்கள் இவனுக்காக நடக்கவேண்டும் என்று நினைத்ததில் எனக்கு இப்போது எந்த ஆச்சரியமும் இல்லை.

நேற்றுக் காலை படம் கிடைத்தது. வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கதவு வழியாக வெளிச்சம் சத்தம் போடாமல் வந்தது. போனில் அவன் முகத்தைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் மேலே போனது. கீழே இழுத்தேன். இழுக்க இழுக்கப் பஞ்சுவின் நெஞ்சில் இறகுகள் ஒவ்வொன்றாக வந்தன. “வருது, வருது” என்று நான் கத்திவிட்டேன். “என்ன வருது?” என்று என் மனைவி பயந்துபோனாள். பிறகு அவள் என் தலைக்கு மேலே ஓர் ஆப்பிள் துண்டைக் காட்ட, அவன் கழுத்தைச் சாய்த்துக் கதவுப் பக்கமாகத் திரும்பினான். அவனுடைய கறுப்புக் கண்ணில் சொட்டு வெளிச்சம் விழுந்தது. அழுத்திவிட்டேன்.

படத்தை ஸ்டுடியோக்காரரிடமே கொடுத்து அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “காது தெரியல. ஆனா ஆளு தெரியுது” என்றார். நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் கண்ணுக்குள் பாருங்கள். எங்கள் கொல்லைக் கதவு மிகச் சிறியதாகத் தெரியும். கதவுக்கு முன்னால் குந்தியிருக்கும் உருண்டை நான். பக்கத்தில் நீளமாக நிற்பது என் மனைவி.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். இந்தப் படத்தில் அவனுடைய மூக்கின் இடப்பக்கத்தில், நுனிக்குக் கொஞ்சம் மேலே, நகத்தால் கீறியது போல ஒரு குறுக்குக் கோடு தெரிகிறது. இத்தனை வாரமாக என் கையால் விதை போட்டும் அதை நான் கவனித்ததில்லை. எங்கள் வீட்டில் பட்டதாக இருக்குமோ என்று இரண்டு பேரும் தவித்துப்போனோம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கித் தேய்த்து அச்சிலிருந்து அதை அழித்துவிடலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதுவரை உங்களுக்கு அனுப்பியதில் இது ஒன்றுதான் உள்ளது உள்ளபடி இருக்கும் படம். அந்தக் கோட்டுக்கு நாங்கள்தான் காரணம் என்றால் மன்னிக்கவேண்டும்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் உடற்பயிற்சிப் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும், நாற்காலியிலிருந்து வாசல் வரைக்கும் என்று நடந்து பழகுங்கள். இங்கே ஒருவன் ஒவ்வொரு முறை வாசல்கதவு திறக்கும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்து, வந்தது நாங்கள்தான் என்று தெரிந்ததும் கொண்டையைத் தாழ்த்திக்கொள்கிறான். அவனை இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவது? பேரனுக்கு எங்கள் முத்தங்கள். மூத்த மகளுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் சொன்ன சொல் கேட்டு, உங்களைச் சீக்கிரம் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
சம்பந்தி
(பஞ்சுவின் தற்காலிகப் பொறுப்பாளர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் உங்கள் மூத்த மகள் போன் செய்தார். தபாலுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் மாப்பிள்ளை இதே படத்தைத் தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் போனை உங்கள் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். நீங்கள் எடுத்துப் பார்த்து, “இங்க ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியல” என்று சொல்லிக்கொண்டே எழுந்து, யாரையும் கூப்பிடாமல், சுவரைப் பிடித்தபடி ஜன்னல் வரைக்கும் நடந்து போய் வெளிச்சத்தில் நின்று பார்த்தீர்களாம். “மூக்குல கோடு இருக்கு பாரு. குஞ்சா இருந்தப்ப கூண்டுக் கதவுல மாட்டிக்கிட்டது. என் புள்ளதான்” என்றீர்களாம். “யாருமே பிடிக்கல மாமா, அம்மா அவங்களாவே நடந்தாங்க” என்று உங்கள் மகள் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதற்கு மேல் என் மனைவிதான் போனை வாங்கிப் பேசினாள். ஆகவே மேலே எழுதியுள்ள விளக்கங்கள் எதுவும் இனித் தேவையில்லை. படிக்காமலே தூக்கி வைத்துவிடலாம்.

ஆனால் ஜன்னலிலிருந்து கட்டிலுக்குத் திரும்பி நடக்கும்போதே நீங்கள், “புள்ள ஏன் இப்படிக் கன்னம் ஒட்டிப்போயிருக்கான்? சம்பந்தி வீட்ல வேளாவேளைக்குத் தீனி போடுறாங்களா இல்லையா?” என்று கேட்டதாகவும் உங்கள் மகள் சொன்னார். இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சமையலறைத் தராசோடு பஞ்சுவைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். அது இளைப்பு இல்லை, சம்பந்தியம்மா. நிழல்.